மந்திரியாகிப் போன அண்ணகர்

அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு தேர் வருகிறது. எருசலேமில் தொழுதுவிட்டுக் காசாவுக்குச் செல்லும் வழியே ஊர் திரும்பிக்கொண்டிருக்கும் எத்தியோப்பியர் ஒருவர், தேரில் அமர்ந்தபடி ஏசாயா தீர்க்கதரிசியின் நூலை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிச்சென்று தேரில் ஏறிக்கொள்கிறார். வாசித்த பகுதிக்குப் பொருள் சொல்கிறார். வழியில் தண்ணீர் தென்பட, எத்தியோப்பியர் அங்கேயே ஞானஸ்நானம் பெற்று மகிழ்ச்சியோடு தம் வழியே போகிறார். ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் அறிந்த கதை. அதில் அவருக்குப் பெயர் இல்லை. 'எத்தியோப்பிய மந்திரி' என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். வண்ணப் படத்திலும் தலைப்பாகையும் பட்டாடையுமாக ஒரு மந்திரிதான் அமர்ந்திருப்பார்.

கிரேக்க மூலத்தில் லூக்கா அவரை அப்படி அழைக்கவில்லை. அந்தப் பகுதியில் ஐந்து முறை அவர் ஆளும் சொல் 'யூனுக்கோஸ்'. விதை அகற்றப்பட்டவர், அல்லது பிறவியிலேயே ஆண்மைக்குரிய உறுப்பு வளர்ச்சி இல்லாதவர் என்பது அதன் பொருள். அரசியின் பொக்கிஷத்துக்கு அதிகாரி என்பதை லூக்கா வேறு சொற்களில் தனியே கூறிவிடுகிறார். அதன் பிறகும் கதை முழுக்க அவரை அழைப்பது அந்தச் சொல்லால்தான். தமிழில் அது ஐந்து இடங்களிலும் காணாமற் போயிற்று.

மொழிபெயர்த்தோரை உடனே குற்றக்கூண்டில் நிறுத்திவிட முடியாது. எபிரேயத்தில் 'சாரிஸ்' என்ற சொல்லுக்கு அண்ணகர் என்றும் அரண்மனை அதிகாரி என்றும் இரு பொருள் உண்டு. அக்கால அரசவைகளில் அந்தப்புரத்தையும் கருவூலத்தையும் காத்தோர் பெரும்பாலும் அண்ணகர் ஆதலால், இரண்டு பொருளும் ஒன்றோடொன்று கலந்தன. தானியேல், எஸ்தர் நூல்களில் அத்தகையோரைப் 'பிரதானிகள்' என்று தமிழாக்கியதற்கும் இதுவே நியாயம். ஆனால் அதே மொழிபெயர்ப்பு, ஏசாயா 56ஆம் அதிகாரத்திலும் மத்தேயு 19ஆம் அதிகாரத்திலும் 'அண்ணகர்' என்ற சொல்லைத் தயக்கமின்றி ஆண்டிருக்கிறது. ஆகவே சொல் தெரியாமல் போனதன்று. பொதுவான தீர்க்கதரிசனத்திலும் உபதேசத்திலும் வரும்போது அவர் அண்ணகர். தேரேறி, கையில் ஏடு பிடித்து, கேள்வி கேட்டு, சபையில் சேர்க்கப்படும் ஆளாக வரும்போது அவர் மந்திரி. இந்தப் பங்கீடு தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கலாம். அதன் விளைவு தற்செயலானதன்று. தமிழில் மட்டும் விவிலியம் படிக்கும் ஒருவருக்கு மூன்று இடங்களும் ஒரே வகை மனிதரைப் பற்றிப் பேசுகின்றன என்று தெரிய வழியே இல்லை.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. திருநர் குறித்துக் கிறித்தவத் திருச்சபைகள் பேசத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகப்போகிறது. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் பேரவை 2014இல் இதற்கென்றே தீர்மானம் இயற்றியது. ஒருவரின் பால் பிறவியில் உடலால் முடிவாகிவிடுகிறது, மனத்தின் உணர்வு அதை மாற்றாது என்பது அதன் சாரம். 2017இல் வெளியான நாஷ்வில் அறிக்கை அதையே இன்னும் இறுக்கிச் சொன்னது. அதே 2017இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை திருநரை வரவேற்று உறுதிப்படுத்தும் தீர்மானத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டின் இறுதியில், பாலின மாற்றத்தை மேற்கொண்டவர் புதிய பெயரோடு தம் ஞானஸ்நான உறுதிமொழியைப் புதுப்பிக்கும் வழிபாட்டுக்கு ஆயர்கள் வழிகாட்டுதல் தந்தார்கள். இந்த இரு கரைகளின் வாதங்களும் தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் நம் ஊர்ப் பிரசங்க பீடங்களுக்கு வந்துவிட்டன. வந்ததில் முதற்கரையின் சரக்கே மிகுதி. அதற்குத் தலைப்பாக ஒரு வசனமும் கூடவே வரும்: தேவன் மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்னும் ஆதியாகமத்தின் முதல் அதிகார வசனம். அதை ஓதி முடித்ததும் பேச்சு முடிந்தது என்பது பொது எண்ணம்.

அவ்வசனத்தை இயேசுவே மேற்கோள் காட்டுகிறார் என்பது அவர்களுடைய வலுவான வாதம். உண்மைதான். மத்தேயு 19ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனத்தில் அது இருக்கிறது. மணவிலக்கைப் பற்றிப் பரிசேயர் கேட்ட கேள்விக்கு விடையாக வருகிறது. ஆனால் உரையாடல் அங்கே நின்றுவிடவில்லை. எட்டு வசனம் தள்ளி, பன்னிரண்டாம் வசனத்தில், அதே மூச்சில், இயேசு மூவகை அண்ணகரைக் குறிப்பிடுகிறார்: தாயின் வயிற்றிலேயே அப்படிப் பிறந்தோர், மனிதரால் அப்படி ஆக்கப்பட்டோர், விண்ணரசின் பொருட்டுத் தம்மை அப்படி ஆக்கிக்கொண்டோர். கண்டனம் ஒன்றுமில்லை, பரிகாரம் சொல்லவுமில்லை, ஏற்றுக்கொள்ள வல்லவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்கிற முத்தாய்ப்பு மட்டும் உண்டு. ஆணும் பெண்ணும் என்ற படைப்பு ஒழுங்கைச் சொன்ன வாயே, அவ்வொழுங்கில் எளிதாகப் பொருந்தாத மனிதரும் இருக்கிறார்கள் என்று அடுத்துச் சொல்கிறது. நான்காம் வசனத்தை மேடையில் முழங்குவோர் பன்னிரண்டாம் வசனம் வரை ஏன் வாசிப்பதில்லை என்பதுதான் நம் வியப்பு.

இது இயேசு புதிதாகக் கண்டுபிடித்த பாகுபாடும் அன்று. யூத ரபீக்களின் மிஷ்னாவில், பிறவியிலேயே அப்படியானவரைச் 'சூரியனின் அண்ணகர்' என்றும், பின்னர் ஆக்கப்பட்டவரை 'மனிதரின் அண்ணகர்' என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். ஆண், பெண் என்று தெளிவாக வகுக்க இயலாத உடலினரைப் பற்றியும் அங்கே விரிவான சட்ட ஆராய்ச்சி உண்டு. ஆதியாகமத்தை வேதமாக ஏற்றவர்களே அவ்வாராய்ச்சியைச் செய்தார்கள். அந்த வசனம் உலகில் வேறு மனிதரே இல்லை என்று சாதிப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனித் தேருக்குத் திரும்புவோம். உபாகமம் 23ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு சட்டம் இருக்கிறது: விதையடிக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது. எத்தியோப்பியர் நெடுந்தொலைவு கடந்து எருசலேமுக்கு வந்தது தொழுவதற்காக. அச்சட்டம் உயிரோடிருந்த ஊரில் அவர் எந்த வாசல்வரை போக முடிந்தது என்பதை லூக்கா சொல்லவில்லை, நாமே ஊகித்துக்கொள்ளலாம். திரும்பும் வழியில் அவர் வாசிப்பது ஏசாயா 53: வாயைத் திறவாமல் வெட்டக் கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டி, சந்ததியின்றி அறுபட்டுப்போன வாழ்வு. தன்னைப் போன்ற ஒருவரைப் பற்றிப் படிப்பதாக அவருக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. தீர்க்கதரிசி யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று அவர் பிலிப்புவிடம் கேட்கும் கேள்வியை 'மந்திரி' கேட்டால் அது பாடக்கேள்வி. அண்ணகர் கேட்டால் அது உயிர்க்கேள்வி. சுருளை இன்னும் சிறிது விரித்தால் மூன்று அதிகாரம் தள்ளி 56 வருகிறது. அங்கே, உபாகமச் சட்டத்துக்கு நேரெதிராக, அண்ணகன் தன்னைப் பட்டுப்போன மரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றும், குமாரர் குமாரத்திகளுக்குரியதைக் காட்டிலும் மேலான ஒரு பெயரை ஆலயத்துக்குள்ளேயே தருவேன் என்றும் கர்த்தர் வாக்களிக்கிறார். விவிலியத்துக்குள் ஒரு சட்டத்தை ஒரு வாக்குறுதி வெளிப்படையாக மீறிச் செல்லும் அரிய இடங்களில் இது ஒன்று.

தண்ணீரைக் கண்டதும் எத்தியோப்பியர் கேட்பது, தாம் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்பது. தடை இருந்தது. அவருக்கும் தெரியும், பிலிப்புவுக்கும் தெரியும். பழமையான கையெழுத்துப் படிகளில் இக்கேள்விக்குப் பதிலே இல்லை. தேர் நிற்கிறது, இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள், அவ்வளவுதான். முழு இருதயத்தோடு விசுவாசித்தால் தடையில்லை என்று பிலிப்பு நிபந்தனை கூறும் 37ஆம் வசனம் பிற்காலச் சேர்க்கை என்பது பாட ஆய்வாளர் பலரும் ஏற்ற முடிவு. எழுதிப் படியெடுத்த யாரோ ஒருவருக்கு, அந்தக் கேள்வி விடையின்றி, நிபந்தனையின்றி விடப்பட்டதைப் பொறுக்க முடியவில்லை. பதிப்புத் தொழில் அறிந்தவர்களுக்கு இத்தகைய கைகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நம் பழைய தமிழ் விவிலியத்தில் அவ்வசனம் இடம்பெற்றிருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பண்டைய அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒருவரே என்று நாம் சொல்லவில்லை. அண்ணகருள் பலர் சிறுவயதில் தம் விருப்பமின்றி, அடிமைச் சந்தைக்காகவும் அரண்மனைக்காகவும் சிதைக்கப்பட்டவர்கள். தம்மைப் பெண்ணாக உணர்ந்ததாக அவர்களைப் பற்றி விவிலியம் எங்கும் கூறவில்லை. திருநம்பியருக்கோ அந்தப் பக்கங்களில் நிகரே இல்லை. முற்போக்கு இறையியலார் சிலர் எத்தியோப்பியரை 'முதல் திருநர் கிறித்தவர்' என்று கொண்டாடுவது அவசரம். அந்தக் கதை பாலின அடையாளத்தின் இயல்பு என்ன என்ற இன்றைய கேள்வியைத் தீர்ப்பதில்லை. அது தீர்ப்பது வேறொன்றை. உடல், ஆண் என்றோ பெண் என்றோ எதிர்பார்க்கப்பட்ட வரம்புக்குள் நில்லாத ஒருவர் வாசலில் வந்து நின்றால், முதலில் அவரைச் சரிசெய்துவிட்டு உள்ளே அழைப்பதா, அழைத்துவிட்டு மற்றதைப் பேசுவதா என்பதை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் எளிதில் தள்ள முடியாத ஒன்று உண்டு. உடல் என்பது ஆன்மா குடியிருக்கும் வாடகை வீடன்று என்பது கிறித்தவத்தின் பழைய நம்பிக்கை. உடலைச் சிறையென்றும் பொய்யென்றும் சொன்ன ஞானவாதிகளை எதிர்த்துத்தான் ஆதித் திருச்சபை, உடல் நல்லது, உடலே உயிர்த்தெழும் என்று வாதாடியது. அப்படியிருக்க, என் உள்ளம் உண்மை, என் உடல் தவறு என்று ஒருவர் சொல்வது அந்தப் பழைய ஞானவாதத்தின் மறுபிறப்பு அல்லவா என்று கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானது. உபாகமத்தின் ஆடைச் சட்டத்தை மட்டும் எடுத்து வீசுவோரின் கூச்சலோடு இதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் இதே திருச்சபை மாற்றப்பட்ட உடலை எப்படி நடத்தியது என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். கி.பி. 325இல் கூடிய நிக்கேயா சங்கத்தின் முதல் விதியே இதைப் பற்றியதுதான். அச்சங்கத்தின் 1700ஆம் ஆண்டு 2025இல் கொண்டாடப்பட்டபோது இந்த விதியைப் பேசுவாரைக் காண்பது அரிதாயிருந்தது. நோயினால் மருத்துவர் அகற்றினாலோ, அந்நியரோ எசமானரோ சிதைத்தாலோ அவர் குருவாக நீடிக்கலாம். நலமாக இருந்தும் தானே தன்னைச் சிதைத்துக்கொண்டவர் குருவாகலாகாது. விதி கண்டிப்பானது, ஐயமில்லை. இன்றைய அறுவைச் சிகிச்சைக்கு எதிராகவும் இதைக் காட்டலாம். ஆயினும் அது தடுத்தது குருத்துவத்தையே, சபையை அன்று. செயலின் காரணத்தைப் பார்த்தது. உடலின் வடிவத்தைத் தடையாக்கவில்லை. எட்டாம் நூற்றாண்டின் செர்மானோசும் ஒன்பதாம் நூற்றாண்டின் இக்னாத்தியோசும் கான்ஸ்தாந்திநோபிளின் மறைமுதுவர்களாக வீற்றிருந்தார்கள். இருவரும் அண்ணகர், இருவரையும் திருச்சபை புனிதராக வணங்குகிறது. (மேற்குலகின் கதை வேறு வகை வேடிக்கை. பாடற்குரலுக்காகச் சிறுவரை விதையடிப்பது குற்றமென்று சட்டம் சொல்லிக்கொண்டிருக்க, அப்படிப்பட்ட பாடகர்களைப் போப்பின் சிஸ்டைன் ஆலயப் பாடகர் குழு நூற்றாண்டுகளாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. பத்தாம் பத்திநாதர் 1903இல்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்.)

கத்தோலிக்கத் திருச்சபையின் அண்மை நிலைப்பாட்டில் இந்த இரு குரல்களும் அருகருகே கேட்கின்றன. 2023 நவம்பரில், பிரேசில் நாட்டு ஆயர் ஒருவரின் கேள்விகளுக்கு விடையாக, திருநர் பிற நம்பிக்கையாளரைப் போலவே ஞானஸ்நானம் பெறலாம், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஞானப்பெற்றோராகலாம், திருமணச் சாட்சியாக நிற்கலாம் என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை அறிவித்தது. ஐந்து மாதம் கழித்து, 2024 ஏப்ரலில், அதே துறை 'தீக்னித்தாஸ் இன்ஃபினித்தா' என்ற விரிவான அறிக்கையை வெளியிட்டது. பால்மாற்றச் சிகிச்சை, கருவில் உருவான கணத்திலிருந்தே மனிதருக்குள்ள மாண்பைப் பொதுவாக அச்சுறுத்துகிறது என்பது அதன் முடிவு. பிறவியில் உறுப்புக் குறைபாடு உடையோருக்கு மருத்துவ உதவி பெற அது இடம் தருகிறது. முதலாவது ஏட்டில் ஒரு மனிதர் வாசலில் நிற்கிறார். இரண்டாவது ஏட்டில் ஒரு கொள்கை நிற்கிறது. போப் பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் மறையும் வரை இவ்விரண்டையும் ஒருசேர நடத்திக்கொண்டிருந்தார். பாலினக் கோட்பாட்டைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. உரோமை நகருக்கு அருகிலுள்ள தோர்வயானிக்காவின் திருநங்கையரை மறுபடி மறுபடி சந்தித்து, ஏழைகள் நாள் விருந்தில் உடன் அமரவைத்தவரும் அவரே. இதை முரண் என்பார்கள். முரண்தான். ஆனால் கொள்கையை முடிவுசெய்துவிட்டு மனிதரைச் சந்திப்போம் என்று காத்திருப்பதைவிட இந்த முரண் மேலானது என்பது நம் கருத்து.

இனி நம் வீட்டுக் கணக்கு. தமிழ் இலக்கணம் இந்த மனிதரை மறைத்ததில்லை. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர், ஆண்பாலை அறிவிக்கும் ஈறு கொள்ளாது என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே விதிக்கிறார். நன்னூலார் பெயரியலில் இன்னும் நுட்பமாகப் போகிறார்: பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால். பால் தீர்மானிக்கும் அளவுகோலாக அவர் எடுப்பது 'அவாவுதல்', அதாவது விழைவு. அதே நூற்பாவின் கடைசியில் இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் வருவர் என்று சேர்த்துவிடுகிறார். வகுப்பில் இந்நூற்பாவை நடத்தும்போதெல்லாம் மாணவர் முதற்பகுதியில் நகைப்பார்கள், இறுதிப்பகுதியில் மௌனமாவார்கள். பவணந்தியாரை இன்றைய உரிமைப் போராளியாக்குவது நகைப்புக்குரியது. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மதித்ததையும் இழித்ததையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தார். 1871இல் நிறைவுற்ற தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் தலைமை தாங்கிய ஹென்றி பவர், நன்னூலுக்கு ஆங்கிலத்தில் அறிமுகம் எழுதியவர். சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர். இந்த மரபை அறிந்த ஒருவரின் மேசையில்தான் எத்தியோப்பியர் மந்திரியாக நிலைத்தார் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ, மத்தேயுவில் பெயரையே விட்டுவிட்டு, மண உறவுக்கு இயலாதோர் என்று விளக்கத்தைத் தந்தது. தெளிவு கிடைத்தது, ஒரு மனிதக்கூட்டம் ஒரு குறையாகச் சுருங்கிற்று.

அதற்கிடையில் தமிழ் இலக்கியம் தன் வழியே போயிற்று. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1990களில் வந்தது. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' ஆகியவை அடுத்த பத்தாண்டில் வந்து, பிறர் எழுதிக்கொண்டிருந்த கதையை அவர்களே எழுதும் நிலையை உண்டாக்கின. 2008இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது; 'திருநங்கை' என்ற சொல் அரசு வழக்கில் நிலைபெற்றது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. திருச்சபைகளும் முற்றிலும் வாளாவிருக்கவில்லை. செங்கல்பட்டு வட்டாரத்தில் இந்திய சுவிசேஷத் திருச்சபையைச் சேர்ந்த திருநங்கை ஒருவர் போதகராகப் பணியாற்றும் செய்தி 2010களின் தொடக்கத்தில் நாளிதழ்களில் வந்தது. கொச்சியில் 2016 டிசம்பரில் திருநர்க்கென ஒரு பள்ளி தொடங்கியபோது, பிறர் வாடகைக்குத் தர மறுத்த இடத்தைத் தந்தவர்கள் கார்மேல் சபைக் கன்னியர்.

ஆனால் பொது நிலை வேறு. நம் சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில் இன்றும் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம் அமர்கிறார்கள். திருநங்கை ஒருவர் ஞாயிறு காலை உள்ளே வந்தால் எந்தப் பக்கம் போவார்? ஓரிடத்தில் முகம் சுளிப்பு, இன்னோரிடத்தில் முணுமுணுப்பு. பெரும்பாலும் வாசலோரத் தூண்தான் அவருக்குரிய இடமாகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் எந்தப் பெயர்? பெற்றோர் இட்ட பெயரால்தான் தருவோம் என்றால் அவர் யாராகத் தண்ணீரில் இறங்குவது? மேலான பெயரைத் தருவேன் என்ற ஏசாயாவின் வாக்குறுதி, பதிவேட்டின் ஒரு கட்டத்துக்கு முன் வந்து நின்றுவிடுகிறது. சில கூட்டங்களில் அவரைத் தனியே அழைத்துத் தலைமேல் கைவைத்து, ஆவியைத் துரத்தும் ஜெபம் நடக்கிறது. பேயென்று துரத்தப்படுவது அவருடைய ஆவியா, அவரா என்பது அழைத்துப்போனவர்களுக்கே தெளிவில்லை.

அடுத்த திருத்தப் பதிப்புக்கு உழைக்கும் மொழிபெயர்ப்பாளர்களிடம் நாம் கேட்பது சிறியது. நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் மந்திரி வேண்டாம். எந்தச் சொல் என்று கேட்டால், விடை எளிதன்று. 'அலி' என்பது தெருவில் வசையாகிவிட்டது. அதை வேதத்தில் வைக்கலாகாது. 'திருநங்கை' இன்றைய மனிதரின் சொந்தச் சொல். முதல் நூற்றாண்டு எத்தியோப்பியர்மேல் அதைப் போர்த்துவது இருவருக்கும் நியாயமன்று. எஞ்சுவது 'அண்ணகர்'. பேச்சில் வழங்காத, அகராதியோடு நின்றுவிட்ட சொல்தான். ஆயினும் ஏசாயாவிலும் மத்தேயுவிலும் ஏற்கெனவே இருக்கிறது. நடபடிகளிலும் அதே சொல் வந்தால், மூன்று இடங்களையும் வாசகரே இணைத்துக்கொள்வார். ஈறு மட்டும் 'அன்' வேண்டாம், 'அர்' போதும், தொல்காப்பியருக்கும் மறுப்பிராது. அடிக்குறிப்பில் இரண்டே வரி விளக்கம் இருந்தால் நன்று. இல்லாவிட்டாலும் குற்றமில்லை, ஞாயிறு பள்ளியில் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, அண்ணகர் என்றால் யார் என்று ஆசிரியரைக் கேட்கும்.